வேதத்தின் அதிகாரமும் சபையின் வாயிலும்

கிறிஸ்தவர்களுக்குள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நடந்துவரும் வழக்குகளில் இரண்டு, மற்றெல்லா வழக்குகளுக்கும் வேராயிருப்பவை: வேதாகமத்துக்கு உள்ள அதிகாரம் எத்தகையது என்பது ஒன்று, கிறிஸ்தவன் என்னும் பெயருக்கு உரியவன் யாவன் என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை கண்டுவிட்டால் இரண்டாவது தானே தீர்ந்துவிடும், அதாவது வேதத்தைத் தேவவாக்கென ஒப்புக்கொள்பவன் கிறிஸ்தவன், ஒப்பாதவன் அல்லன் என்று சொல்லி முடித்துவிடலாம் என்பது தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு இயல்பாய்த் தோன்றும் அபிப்பிராயம். சரித்திரமோ இதற்கு இசைந்து கொடுப்பதில்லை. வேதத்தின் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடாத கூட்டத்தார் கிறிஸ்தவர் அல்லர் என்று விலக்கப்பட்டதும் உண்டு. எழுதப்பட்ட வேதத்தினும் மேலாக உள்ளொளியை வைத்து எண்ணியவர்கள் சகோதரரென்று தழுவிக்கொள்ளப்பட்டதும் உண்டு. இவ்விரு வினாக்களும் தனித்தனி வழியிலேயே நடந்துவந்திருக்கின்றன என்பதும், முதல் வினா பெரும்பாலும் நூலைப் பற்றியதாயிராமல், நூலுக்குப் பொருள் சொல்லும் உரிமை எவர்க்கு என்பதைப் பற்றியதாகவே இருந்தது என்பதும் என் கருத்து.

வேதத்தைத் தோலும் மையுமான ஒரு பொருளாகவே கண்ட வழக்கொன்றிலிருந்து தொடங்குவது நலம். கி.பி. 303இல் ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன், கிறிஸ்தவர்களின் வேதப் பிரதிகளைப் பறித்து எரிக்கும்படி கட்டளை பிறப்பித்தான். வட ஆப்பிரிக்காவில், இன்று கான்ஸ்டன்டீன் எனப்படும் சிர்த்தா நகரத்தில், அதிகாரிகள் ஜெபவீட்டைச் சோதனையிட்ட நாளின் நடவடிக்கைக் குறிப்பு அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது. பொற்கிண்ணங்கள், வெள்ளிக் கிண்ணங்கள், விளக்குகள், ஏழைகளுக்கென வைத்திருந்தவை போலும் என்று எண்ணத்தக்க பெண்களின் அங்கிகள் 82, மிதியடிகள் என்று, ஜப்திக்கு வந்த குமாஸ்தா ஒன்றுவிடாமல் எண்ணி எழுதிக்கொண்டே போகிறான். வேதப் புத்தகங்கள் எங்கே என்று கேட்டபோது மிகப் பெரிய ஏடு ஒன்றுமட்டும் கொண்டுவரப்படுகிறது; மற்றவை வாசகர்களிடம் உள்ளன என்கிறார்கள். அவ்வாசகர்களின் பெயரைச் சொல்லும்படி அதட்டியபோது, சபை ஊழியர் இருவர், தாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்லர் என்றும், வேண்டுமானால் தங்களைக் கொன்றுவிடலாம் என்றும் பதில் சொல்கிறார்கள். ஆயினும் வேறு சிலர் வழிகாட்ட, வீடு வீடாய்ச் சென்று ஏடுகள் சேகரிக்கப்படுகின்றன. ஒரு வீட்டில் மனைவியே ஆறு ஏடுகளைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். கார்த்தேஜ் நகரத்து அத்தியட்சரான மென்சூரியஸ் என்பவரோ, மெய்யான வேதப் பிரதிகளை ஒளித்துவிட்டு, பதிதர் எழுதிய நூல்கள் சிலவற்றை அதிகாரிகள் கையில் அகப்படும்படி விட்டுவைத்தார். இன்னதே வேதம் என்று வேறுபிரித்தறியும் கல்வி அச்சேவகர்க்கு ஏது?

உபத்திரவம் ஓய்ந்தபின்னர்தான் உண்மையான சச்சரவு மூண்டது. வேதத்தைக் கையளித்தவன் சபைக்குத் துரோகி; அத்துரோகியின் கைபட்டு அபிஷேகம் பெற்ற அத்தியட்சர் அத்தியட்சரே அல்லர்; அவர் கொடுத்த ஞானஸ்நானம் வெறுந் தண்ணீர் என்று ஒரு கட்சி புறப்பட்டது. தோனாத்து என்பவரைத் தலைவராகக் கொண்ட அக்கட்சியார், மறுபுறத்திலிருந்து தம்மிடம் வந்தவர்களுக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்தனர். இதற்கு முன்னோடியான வழக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்ததுண்டு: பிரிந்துபோனவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று கார்த்தேஜின் சிப்ரியானும், செல்லும் என்று ரோமாபுரியின் ஸ்தேவானும் வாதாடினர், வாதம் முடியுமுன் இருவரும் இறந்துபோயினர். தோனாத்தியரைக் குறித்து 314இல் ஆர்ல்ஸ் நகரத்துச் சங்கம் கூடி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவனுக்கு மறுபடியும் கொடுக்கலாகாது என்று விதித்தது. 411இல் கார்த்தேஜில் இரு கட்சி அத்தியட்சர்களும் அநேகமாய்ச் சரிசமமாக, மொத்தத்தில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர், அரசாங்கத்து நடுவர் முன் வாதாடியபோது, இருவர் கையிலிருந்த வேதமும் ஒன்று, இருவர் நாவிலிருந்த விசுவாசப் பிரமாணமும் ஒன்று என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வேதத்துக்காக உயிரை விடத் துணிந்தவர்களே அவ்வழக்கில் சபைக்குப் புறம்பானவர்கள் ஆயினர். ஒருகாலத்தில் வற்புறுத்தல் கூடாதென்றிருந்த அகஸ்தீன் பெரியவர், பிற்பாடு, விருந்துக்கு வரும்படி வழியிலுள்ளோரை வருந்தி அழைத்துவரச் சொல்லும் லூக்கா சுவிசேஷத்து உவமையை எடுத்துக்காட்டி, அரசாங்கத்தின் தண்டத்துக்கே நியாயம் கற்பித்தார். விருந்தோம்பலைப் பற்றிய ஓர் உவமை சேவகனின் கைத்தடிக்குச் சாட்சியானதை, அவருடைய மேதையிடத்து எவ்வளவு மதிப்பு வைத்திருப்பவரும் மனக்கசப்பின்றிப் படிக்க முடியாது.

இதே காலத்தில் கீழ்த்திசையில் நடந்த ஆரியுவின் வழக்கு பலரும் அறிந்ததாதலின் விரிக்க வேண்டுவதில்லை. ஒன்றுமட்டும் குறிப்பிடத்தக்கது. குமாரன் சிருஷ்டிக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் கட்சியார் நீதிமொழிகள் எட்டாம் அதிகாரத்தைப் பற்றிக்கொண்டு நின்றனர். 325இல் நிசேயாவில் கூடிய சங்கமோ, பிதாவும் குமாரனும் ஒரே தத்துவமுடையோர் என்று விளக்கும்பொருட்டு, வேதத்தில் எங்குமே காணப்படாத ஒரு பதத்தைப் பிரமாணத்தில் சேர்த்தது. வேதத்துக்கு வெளியே போகிறீர்கள் என்று குற்றஞ்சாட்டியவர்கள் பதிதரும், போனவர்கள் மெய்விசுவாசிகளுமாய் முடிந்த இந்நிகழ்ச்சி, வேதவசனத்தை மட்டுமே கொண்டு வேதவழக்கைத் தீர்க்க இயலாது என்பதை அக்காலத்தாரே உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்று. 380இல் தியோடோசியஸ் சக்கரவர்த்தி, திரித்துவத்தை ரோமாபுரி, அலெக்சாந்திரியா ஆகிய இடத்து அத்தியட்சர்களைப்போல் விசுவாசிப்பவர்களுக்கே கத்தோலிக்கக் கிறிஸ்தவர் என்னும் பெயர் உரியது என்று சட்டமாகவே பிறப்பித்துவிட்டதால், அதுவரை சபைக்குள்ளிருந்த வினா ராஜாங்கத்தின் வினாவும் ஆயிற்று.

இனி, வேதம் என்று நாம் சொல்லும்போது எந்தெந்த ஆகமங்களைக் கருதுகிறோம் என்பதும் எல்லார்க்கும் ஒத்த சங்கதியன்று. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவன் பழைய ஏற்பாட்டையே ஒதுக்கி, லூக்காவையும் பவுலின் நிருபங்களிற் பத்தையும் தன் விருப்பப்படி திருத்திக்கொண்டு தனிச்சபை கண்டபோதுதான், தன் ஆகமங்களை எண்ணிப் பார்க்கவேண்டிய அவசியத்தைத் திருச்சபை தீவிரமாய் உணர்ந்தது. இன்று வழங்கும் புதிய ஏற்பாட்டின் 27 ஆகமங்களையும் அவ்வாறே எண்ணிக்காட்டும் மிகப் பழைய ஜாபிதா, அத்தனாசியு 367இல் எழுதிய பஸ்கா நிருபத்தில் இருக்கிறது. ஆனால் சீரியச் சபைகளின் பழைய பிரதியாகிய பெஷீத்தாவில் 22 மட்டுமே உள்ளன. எத்தியோப்பியச் சபையார் இரண்டு ஏற்பாட்டுக்கும் சேர்த்து 81 என்கின்றனர். கத்தோலிக்கர் 73, சீர்திருத்தச் சபையார் 66.

இவ்வேற்றுமை ஏட்டளவில் நில்லாமல் மனிதர்மேல் பாய்ந்த இடம் நமக்கு அண்டையிலேயே உள்ளது. 1599இல் கோவாவின் பெரிய மேற்றிராணியார் அலெக்சோ த மெனேசிஸ், மலையாளத்துத் தோமா கிறிஸ்தவர்களை உதயம்பேரூர்ச் சங்கத்துக்குக் கூட்டினார். அவர்களுடைய சீரியப் புதிய ஏற்பாட்டில் பேதுருவின் இரண்டாம் நிருபம், யோவானின் இரண்டாம் மூன்றாம் நிருபங்கள், யூதாவின் நிருபம், வெளிப்படுத்தின விசேஷம் ஆகியவை இல்லை என்பதும், விபசாரத்திற் பிடிபட்ட ஸ்திரீயின் சரித்திரம் யோவான் சுவிசேஷத்தில் காணப்படவில்லை என்பதும் குற்றங்களாகக் கண்டுபிடிக்கப்பட்டு, லத்தீன் பிரதியின்படி திருத்தக் கட்டளையாயிற்று. நெஸ்தோரியப் பதிதத்தின் வாடை வீசியதாகச் சொல்லப்பட்ட ஏடுகள் பல நெருப்புக்கு இரையாயின. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கிறிஸ்தவர்களென்று வாழ்ந்துவந்த ஒரு ஜனம், தாம் மூதாதையரிடமிருந்து பெற்ற வேதம் குறையுடையதென்பதை அந்நிய தேசத்தார் வாயிலாகத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. 1653இல் மட்டாஞ்சேரியில் சிலுவையொன்றைச் சுற்றி நின்று அவர்களில் பெருந்தொகையினர் செய்த சபதத்துக்கு இந்த ஏடுகள் மட்டுமே காரணமல்ல. ஆயினும் அக்காரணங்களுள் இவையும் எண்ணத்தக்கவை.

ஜெர்மனியில் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தை, வேதமா சபையா என்னும் கேள்விக்கு வேதமே என்று விடை சொன்ன இயக்கமென்று சுருக்கிச் சொல்லுவது வழக்கம். 1519இல் லைப்சிக் நகரத்து வாதத்தில் எக் என்னும் சமர்த்தர், பொதுச்சங்கங்களும் தவறக்கூடும் என்று லூத்தர் வாயாலேயே சொல்லும்படி செய்துவிட்டதும், போகப்போக லூத்தருக்கு வேதத்தைத் தவிர வேறு நிற்குமிடம் இல்லாமற் போனதும் மெய்தான். ஆனால் அவ்வேதத்துக்குள்ளேயே அவர் தரம்பிரித்தார் என்பதை அவரைப் புகழ்வோர் அதிகமாய்ச் சொல்லுவதில்லை: 1522இல் அச்சான தம் புதிய ஏற்பாட்டில் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய நான்கையும் கடைசிக்குத் தள்ளி, யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டும் எழுதினார். கிரியைகளை வற்புறுத்தும் அந்நிருபம், விசுவாசம் ஒன்றே போதும் என்ற அவருடைய உபதேசத்துக்கு இடைஞ்சலாயிருந்தது. நூலை நூலாலேயே அளப்பேன் என்று புறப்பட்டவரும், அந்நூலில் எப்பகுதி அளவுகோல், எப்பகுதி அளக்கப்படுவது என்பதைத் தாமே தீர்மானிக்க நேர்ந்தது. இதற்கு மறுமொழியாக 1546இல் திரெந்து சங்கம், தள்ளுபடி ஆகமங்கள் என்று சீர்திருத்தக்காரர் ஒதுக்கியவற்றையும் சேர்த்து முழு அட்டவணையை விதித்து, அதனை ஏற்காதவனைச் சாபத்துக்குட்படுத்தியது.

சீர்திருத்தக்காரர் தமக்குள் ஒத்துப்போனார்களா என்றால், 1529இல் மார்புர்க் கோட்டையில் லூத்தரும் சுவிங்லியும் சந்தித்துப் பதினைந்து பிரிவுகளுள் பதினான்கில் உடன்பட்டு, இராப்போஜனத்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே உண்டா என்ற ஒன்றில் மாறுபட்டபோது, சகோதரக் கரம் நீட்டிய சுவிங்லியை லூத்தர் ஏற்றுக்கொள்ள மறுத்தார். அந்தச் சுவிங்லியின் ஸூரிக் நகரமோ, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேதத்தில் இடமில்லை என்று வாதித்து வயதுவந்தோர்க்கு மறுபடியும் கொடுத்த பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. ஞானஸ்நானத் தண்ணீரைப் பற்றிய வழக்குக்கு ஆற்றுத் தண்ணீரையே தண்டனையாக்கிய அந்நகரசபையின் குரூரத்துக்கு விளக்கம் வேண்டுவதில்லை.

அமெரிக்காவில் அடிமை வியாபாரத்தையும் அடிமை முறையையும் பற்றி எழுந்த பிளவைச் சில வார்த்தைகளிற் சொல்லலாம். 1845இல் தென்பகுதி பாப்டிஸ்டுகள் தனிக்கூட்டமாய்ப் பிரிந்தார்கள். மெதடிஸ்டு சபையும் அதே காலத்தில் இரண்டாயிற்று. ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திருப்பியனுப்பும் பிலேமோன் நிருபத்தை இரு தரப்பாரும் தத்தமக்குச் சாதகமாக எடுத்தாண்டனர். வேதத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் அடிமை முறையை ஆதரித்தவர் பக்கத்து வாதமே வலுவாய்த் தோன்றியது என்பதை மறைப்பதில் பயனில்லை. எதிர்த்தவர்கள் எழுத்தைக் கடந்து அதன் போக்கைக் கண்டு பேச வேண்டியிருந்தது.

கோலென்சோ என்பவரின் வழக்கு இவ்வரலாற்றிலேயே மிகச் சுவையானது. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்கணித நூல்கள் எழுதிப் பேர்பெற்ற அவர், 1853இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஆங்கிலிக்கன் அத்தியட்சராய் நியமிக்கப்பட்டு, ஸூலு மொழியைக் கற்று, இலக்கணமும் அகராதியும் செய்து, வேதத்தை அம்மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். உடனிருந்து உதவிய வில்லியம் ங்கிடி என்னும் ஸூலுக்காரர், ஜலப்பிரளயத்தின் சரித்திரத்தைப் பெயர்க்கையில், உலகத்து மிருகங்கள் யாவும் வந்து பேழையில் ஏறியதெல்லாம் மெய்தானா என்று கேட்டுவிட்டார். கற்பிக்க வந்தவர் கற்பவன் முன் பொய்சொல்ல மனமின்றி, மோசேயின் ஆகமங்களைக் கணித ஆசிரியரின் கண்கொண்டு சோதிக்கத் தொடங்கினார். யுத்தத்துக்குத் தகுந்த புருஷர் மட்டும் 6,03,550 பேர் என்றால் ஜனத்தொகை இருபது லட்சத்துக்குக் குறையாதே. அத்தனைபேரும் நூறு முழ நீளமும் ஐம்பது முழ அகலமுமான பிராகாரத்தையுடைய ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் கூடி நின்றது எங்ஙனம் என்று, பெருக்கியும் வகுத்தும் 1862 முதல் நூல்களை வெளியிட்டார். கேப்டவுன் அத்தியட்சர் கிரே அவரைப் பதவிநீக்கம் செய்தார்; 1865இல் லண்டன் பிரிவி கவுன்சில், நீக்குவதற்குக் கிரேக்கு அதிகாரமில்லை என்று தீர்த்தது; கிரே அவரைச் சபைநீக்கமே செய்து, அவ்விடத்துக்கு வேறோர் அத்தியட்சரை ஏற்படுத்த, ஒரே ஊரில் இரு அத்தியட்சர்கள் ஆயினர். 1867இல் முதலாம் லாம்பெத் மாநாடு கூடுவதற்கே இக்குழப்பம் ஒரு முக்கிய காரணம். ஆனால் குடியேற்ற அரசாங்கம் லங்கலிபலேலே என்னும் தலைவரை அநியாயமாய்த் தண்டித்தபோது, தம் வெள்ளைக்கார நண்பர்களை இழந்தும் அவருக்காகவும் அவர் ஜனத்துக்காகவும் பேசியவர் இந்தப் பதிதரே. வேதத்தின் கணக்கை நம்பாதவரிடம் வேதத்தின் நியாயம் இவ்வளவு இருந்தது என்பதை அவருடைய எதிரிகளின் வாதங்களில் எங்கும் கண்டிலேன்.

இருபதாம் நூற்றாண்டில் வழக்கு அமெரிக்காவுக்கே திரும்பிற்று. பிரின்ஸ்டனில் போதித்த மேச்சன் 1923இல் ஒரு நூல் எழுதி, தாராள சிந்தையினரின் உபதேசம் கிறிஸ்தவத்தின் ஒரு வகையன்று, வேறொரு மதமே என்று நிறுவ முயன்றார். அவர்கள் யோக்கியமானவர்களாய் இருக்கலாம், ஆயினும் வேறு பெயர் வைத்துக்கொண்டு வெளியேறட்டும் என்பது அவர் வாதம். அதில் ஒரு நேர்மையும் உண்டு என்று சொல்ல வேண்டும். 1978இல் சிக்காகோவில் கூடிய சுவிசேஷப் பற்றாளர்கள், வேதம் எல்லா வகையிலும் தவறற்றது என்று அறிக்கையிட்டு, அத்தவறின்மை மூல கையெழுத்துப் பிரதிகளுக்கே முற்றிலும் பொருந்தும் என்று வரையறுத்தனர். அம்மூலப் பிரதிகளில் ஒன்றேனும் இன்று எங்கும் இல்லை.

கிறிஸ்தவன் யாவன் என்னும் வினாவை இப்போது தனியே எடுத்துப் பார்ப்போம். யெகோவாவின் சாட்சிகள் வேதத்தைப் பிழையற்றதென ஒப்புவதில் எவர்க்கும் பின்வாங்குவதில்லை. எனினும் திரித்துவத்தை மறுப்பதால் பிற சபையார் அவர்களைத் தம்மோடு எண்ணுவதில்லை. குவேக்கர்கள் ஞானஸ்நானமும் நற்கருணையும் அனுசரிப்பதில்லை, விசுவாசப் பிரமாணமும் வைத்துக்கொள்வதில்லை. இருந்தும் அவர்களுட் சிலர் 1948இல் ஆம்ஸ்டர்டாமில் அமைந்த உலகச் சபைகள் மன்றத்தில் முதல் நாள்தொட்டு அங்கத்தினர். அம்மன்றம் இயேசு கிறிஸ்துவைத் தெய்வமும் இரட்சகருமாய் ஏற்பதையே தொடக்கத்தில் நிபந்தனையாக்கியிருந்தது. வேதத்தின்படி என்னும் வாசகமும் திரித்துவத்தின் குறிப்பும் 1961இல் புதுடில்லியில் கூடியபோதுதான் சேர்க்கப்பட்டன. மார்மன் சபையாரோ தம்மைக் கிறிஸ்தவரென்றே வற்புறுத்துகின்றனர், ஆனால் பிற சபையிலிருந்து வரும் அனைவர்க்கும் மீண்டும் ஞானஸ்நானம் கொடுக்கின்றனர். 2001இல் ரோமாபுரி, அவர்கள் கொடுப்பது செல்லாது என்று தீர்ப்புரைத்தது. பதிதர் கொடுத்ததும் செல்லும் என்று ஸ்தேவான் காலந்தொட்டு வாதித்துவந்த ரோமாபுரியே இவ்வாறு விதித்ததனால் இத்தீர்ப்பு கவனிக்கத்தக்கது. ஒருவரைக் கிறிஸ்தவரென்று ஒரு சபை உண்மையில் எண்ணுகிறதா என்பதை அதன் அறிக்கைகளைப் படித்து அறிவதைவிட, அவர் வந்து சேரும்போது மீண்டும் தண்ணீர் வார்க்கிறதா என்று பார்த்து அறிவது எளிது.

தமிழ்நாட்டில் இவ்வழக்கு தரங்கம்பாடியில் 1715இல் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சேறியபின் முளைத்தது; வேதவிளக்கம் முதலிய கண்டன நூல்களில் வீரமாமுனிவர் லூத்தர் சபையாரைச் சாடிய வேகம், தேம்பாவணியின் ஆசிரியரைமட்டும் அறிந்தோர்க்கு வியப்பூட்டும். ஆயினும் வேதத்தை ஜனங்கள் கையிற் கொடுத்தால் என்ன விளையும் என்பதற்குச் சிறந்த திருஷ்டாந்தம் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. மிஷனெரியோடு பிணங்கி வேலையிழந்த சட்டம்பிள்ளை, 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் துணையின்றி ஒரு சுதேச சபையை ஸ்தாபித்தார். அவருடைய ஜாதியாரைப் பற்றி மிஷனெரி கால்டுவெல் 1849இல் எழுதிய நூல் மூட்டிய கோபமும் அதன் பின்னணியில் உண்டு. வேதமே பிரமாணம் என்று மிஷனெரிமார் கற்பித்ததைச் சட்டம்பிள்ளை அப்படியே எடுத்துக்கொண்டு, அவ்வாறாயின் ஞாயிற்றுக்கிழமைக்கு அதில் ஆதாரம் எங்கே என்று கேட்டு, சனிக்கிழமை ஓய்வுநாளையும் பழைய ஏற்பாட்டு ஆசாரங்கள் பலவற்றையும் அனுசரிக்கலானார். மிஷனெரிமாரிடம் அதற்கிருந்த விடை, சபையின் பாரம்பரியம் என்பதொன்றே. அது ரோமாபுரியாரின் விடையாயிற்றே!

1919இல் அதே தரங்கம்பாடியில் அத்தியட்சர் அசரியா முதலானோர் விதைத்த ஐக்கிய முயற்சி, 28 ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 27 செப்டம்பர் 1947 அன்று சென்னை ஜார்ஜ் தேவாலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாய் நிறைவேறிற்று. அத்தியட்சர் பட்டம் அவசியமென்ற ஆங்கிலிக்கரும், வேதத்தில் அதற்கு விதியில்லை என்ற பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனலாரும், மெதடிஸ்டுகளும் அங்கே ஒன்றாயினர். முன்னமே குருப்பட்டம் பெற்றவர்க்கு மறுபட்டம் கட்டவில்லை. இங்கிலாந்தில் கவி எலியட் இத்திட்டத்தை எதிர்த்து ஒரு சிறு பிரசுரமே எழுதினார். லூத்தர் சபையார் சேராமல் நின்றுவிட்டனர். ஐக்கியம் கண்ட அத்திருச்சபையின் குருமார்களை இன்று வாட்டுவது எலியட்டின் ஆட்சேபம் அன்று. குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் வேதத்தின்படி செல்லாது என்று பெந்தெகொஸ்தே சபைகளுக்குச் சென்று முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பும் தம் சபையாரை என்ன செய்வது என்பதே. இப்பெந்தெகொஸ்தேயார் சிப்ரியானைப் படித்தவர்கள் அல்லர்; அவரவர் கையிலுள்ள தமிழ் வேதாகமத்தைப் படித்தவர்கள்.

1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடிப் பெயர்த்த திருவிவிலியம் வெளிவந்தது. வழக்குக்குள்ளான ஆகமங்களை அதில் நீக்கவுமில்லை, பழைய ஏற்பாட்டோடு கலக்கவுமில்லை. இணைத் திருமுறை என்று பெயரிட்டு இரு ஏற்பாடுகளுக்கும் இடையே வைத்தார்கள். திரெந்தும் லூத்தரின் விட்டன்பெர்க்கும் நானூறு ஆண்டுகளாய்ச் செய்யாததை ஒரு தலைப்பால் சமாளித்த அவர்களுடைய சாமர்த்தியத்தை மெச்சலாம். ஆயினும் அந்தப் பெயர்ப்பு கத்தோலிக்கத் திருப்பலியில் வாசிக்கப்படுகிறதேயன்றி, சீர்திருத்தச் சபைகளின் பிரசங்க பீடங்களிற் பெரும்பாலானவற்றில் இன்றும் விரித்து வைக்கப்பட்டிருப்பது, பவர் ஐயரின் குழு பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருத்திக்கொடுத்த பழைய வேதாகமமே.